இடம் கடைசியில் வரட்டும்

(பட்டிப்பொலயில் மரக்கறி விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் இளைஞர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்துக் கரட்டையும் லீக்ஸையும் கோவாவையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துவைக்க ஒரு களஞ்சியசாலை வேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை. எங்கே கட்டுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். பட்டிப்பொல ஸ்டேஷனுக்குப் பக்கத்திலே என்பார் ஒருவர். அம்பேவெலதான் நடு என்பார் இன்னொருவர். லொறிக்காரரைக் கேட்டால் நானுஓயா என்பார். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். ஒவ்வொருவர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பக்கத்து இடமாகவும் அது இருக்கும்.

நான் எந்த இடத்துக்கும் சிபாரிசு பேச வரவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், பலர் கூடி ஓர் இடத்தை எப்படித் தெரிவுசெய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்லப் போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடம் தெரிவுசெய்யக் கூடும் கூட்டத்தில் இடத்தின் பெயர் கடைசியில்தான் வாயில் வர வேண்டும்.

இது புதுச் சங்கதி இல்லை. திருக்குறளின் பொருட்பாலை எடுத்து அதிகார வரிசையைப் பாருங்கள். 47ஆவது தெரிந்துசெயல்வகை, 48ஆவது வலியறிதல், 49ஆவது காலமறிதல், 50ஆவதுதான் இடனறிதல். என்ன செய்யப் போகிறோம், நம் பலம் எவ்வளவு, காலம் எப்படி என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகே இடத்தைப் பார்க்கச் சொல்கிற வரிசை அது. நம் நாட்டில் பல கட்டடங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கட்டப்பட்டவை. முதலில் இடம், பிறகு அடிக்கல், பிறகு கட்டடம். என்ன தேவைக்கு என்ற கேள்வி கடைசியில் வரும், சிலவேளை வராமலே போகும்.

தம்புள்ளையும் வவுனியாவும்

சரியாக அமைந்த ஓர் இடத்தை முதலில் பார்ப்போம். தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியது. ஏன் தம்புள்ளை? கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை போகும் ஏ6 வீதியும் அங்கே சந்திக்கின்றன. வடக்கு, கிழக்கு, மலைநாடு, கொழும்பு, நான்கு திசைக்கும் அங்கிருந்து லொறி பிரியலாம். ஜெர்மானியப் பொருளியலாளர் அல்ஃபிரட் வெபர் 1909இல் எழுதிய நூலில் சொன்ன கணக்கும் இதுதான்: சுமக்கும் எடையையும் தூரத்தையும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் எங்கே தொகை குறைவாக வருகிறதோ, அங்கே தொழிலை வை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போகிறது. தம்புள்ளை வெயில் ஊர். இந்தியாவின் நன்கொடை உதவியோடு அங்கே 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியசாலை கட்டப்பட்டு, 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரின் கொழும்பு விஜயத்தின்போது திறந்துவைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆயினும் அங்கே குளிரை மின்சாரம் கொடுத்து வாங்க வேண்டும். இங்கே பட்டிப்பொலயில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தில், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையத்தின் பக்கத்தில், அந்தக் குளிரில் பெரும்பங்கு சும்மா கிடைக்கிறது. சந்தைக்குப் பக்கத்தில் வைப்பதா, குளிருக்குப் பக்கத்தில் வைப்பதா? வெபரின் கணக்கு தனியாக இதற்குப் பதில் சொல்லாது. எது நமக்கு முக்கியம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வவுனியாவுக்கு வாருங்கள். வட மாகாணத்துக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் தருவதாக அரசாங்கம் சொன்னது. 2016இல் அது எங்கே என்ற சண்டை மூண்டது. தாண்டிக்குளம் என்றது ஒரு தரப்பு. அது விவசாயத் துறைக்கு உரிய நிலம், கெடுக்கக் கூடாது, ஓமந்தையில் கட்டுங்கள் என்றது இன்னொரு தரப்பு. மாதக்கணக்கில் அறிக்கைகளும் ஆர்ப்பாட்டங்களும் நடந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் மாகாண சபை உறுப்பினர்களிடமும் விருப்பம் கேட்கப்பட்டது. பெரும்பான்மை ஓமந்தைப் பக்கம் சாய்ந்தது. அதோடு முடிந்ததா? இல்லை. வவுனியாவுக்கு ஒன்று, மாங்குளத்துக்கு ஒன்று என்று திட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். வவுனியாவில் ஓமந்தையும் இல்லாமல் தாண்டிக்குளமும் இல்லாமல் மூன்றாவது ஓர் இடத்தில் கட்டடம் எழும்பியது. கட்டி முடித்த பிறகும் அது ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

இந்தக் கதையில் கூடிப் பேசவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. பேச்சு இருந்தது, வாக்கு இருந்தது, பெரும்பான்மை இருந்தது. முதல் நாளே இரண்டு பெயர்கள் மேசைக்கு வந்துவிட்டன, அங்கேதான் பிழைத்தது. பெயர் வந்துவிட்டால் ஆட்கள் அந்தப் பெயருக்குப் பின்னால் அணிவகுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குத் தேடிப் பிடித்த காரணங்கள். அந்த நிலையத்தில் யார் கடை போடுவார், விவசாயி எத்தனை மணிக்கு வருவார், வாங்குகிறவர் எந்த ஊரிலிருந்து வருவார் என்ற கேள்விகள் அந்தக் கூச்சலில் காதில் விழவில்லை.

கூடிப் பேசாமலே இடம் குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தள விமான நிலையம் இருக்கிறது. 2013இல் திறந்தார்கள். விமானங்கள் வெகு சிலவே வந்தன. 2015இல் நெல் சந்தைப்படுத்தல் சபை நெல் வைக்க இடமில்லாமல் தவித்தபோது, அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். நாடே சிரித்தது. விமான நிலையம் தவறான இடத்தில் இருந்ததையும், நெல் களஞ்சியம் வேண்டிய இடத்தில் இல்லாததையும் அந்த மூட்டைகள் ஒன்றாகக் காட்டிக்கொடுத்தன.

நிச்சயமில்லாமை என்றால் என்ன

அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங் நைட் 1921இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். பகடை உருட்டினால் ஆறு விழ எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று கணக்கிடலாம்; அது ஆபத்து. வாய்ப்பையே கணக்கிட முடியாத சங்கதிகளும் உண்டு, அது நிச்சயமில்லாமை. மலைநாட்டில் நாம் சந்திப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

கடந்த சில ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது, அதற்குள் போகம் போய்விட்டது. 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்றன. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்த நாளில் முழுக்க மின்சாரத்தை நம்பிய குளிர்க் களஞ்சியம் என்ன கதியாகியிருக்கும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியாவுக்கு ஏறும் வீதிகளை மண்சரிவு அடைத்தது, மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இவற்றோடு, இறக்குமதி உருளைக்கிழங்குக்கான விசேட பண்ட அறவீடு ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு ஏறும், இன்னொன்றோடு இறங்கும். காலையில் லாபமாக இருந்த கிழங்கு மாலையில் நட்டமாகும்.

இந்த மலைக்கு இது பழக்கமும்கூட. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பிக்காக. இரண்டே வருடத்தில், 1869இல், மடுல்சீமையில் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. ஆனால் தண்டவாளம் வீணாகவில்லை. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை தேயிலையைச் சுமந்தது. 1893இல் அது பட்டிப்பொலயைத் தாண்டி ஹப்புத்தளை போயிற்று. இதற்கு மாறாக நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போன குறுகிய ரயில் பாதை 1900களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டு 1940களில் முடிந்தது. மோட்டார் லொறி வந்ததும் அதற்கு வேலையில்லை. ஒரு பயிர் போனால் இன்னொரு பயிருக்கும், ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழிக்கும் உதவுகிற இடமே நெடுநாள் நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

இது உதாரணத்துக்கு நான் போட்ட கற்பனைக் கணக்கு. யாரும் இதைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பட்டிப்பொலயில் பெரிய களஞ்சியம். இரண்டு, நானுஓயாவில் பெரிய களஞ்சியம். மூன்று, பட்டிப்பொலயில் சிறிய சேகரிப்புக் கொட்டகையும் நானுஓயாவில் நடுத்தரக் களஞ்சியமும். வருடமும் மூன்று வகை: சாதாரண வருடம், மண்சரிந்து வீதி அடைபடும் வருடம், டீசல் தட்டுப்பாடு வருடம்.

ஒவ்வொன்றிலும் நமக்கு வரும் நட்டத்தை இலட்சக் கணக்கில் வைப்போம். பட்டிப்பொலயில் பெரிதாகக் கட்டினால் சாதாரண வருடம் 6, சரிவு வருடம் 9, டீசல் இல்லாத வருடம் 7. நானுஓயா என்றால் 3, 18, 12. இரண்டாகப் பிரித்தால் 5, 11, 8.

பத்து வருடத்தில் எட்டு சாதாரண வருடம், ஒன்று சரிவு, ஒன்று தட்டுப்பாடு என்று சராசரி எடுத்தால் பட்டிப்பொலவுக்கு 6.4, நானுஓயாவுக்கு 5.4, பிரித்ததற்கு 5.9. ஆலோசகர் வந்தால் நானுஓயா என்று எழுதிவிட்டுப் போவார். அவர் கணக்கு பிழையில்லை. ஆனால் எட்டு, ஒன்று, ஒன்று என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

1951இல் லெனார்ட் சாவேஜ் என்ற புள்ளியியலாளர் வேறொரு வழியைக் காட்டினார். ஒவ்வொரு வகை வருடத்திலும் எது நல்ல முடிவாக இருந்திருக்கும் என்று பார். அதைவிட உன் முடிவு எவ்வளவு கூடுதலாக நட்டம் தந்தது என்று பார். அந்த வருத்தம் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று குறித்துக்கொள். அப்படிப் பார்த்தால் பட்டிப்பொலயின் அதிகபட்ச வருத்தம் 3 இலட்சம். நானுஓயாவுக்கு 9. பிரித்துக் கட்டினால் 2 மட்டுமே. எந்த வருடத்திலும் முதலிடம் பிடிக்காத வழிதான் எந்த வருடத்திலும் நம்மைக் கவிழ்க்காத வழி.

பெரிய கம்பனிக்குச் சராசரி போதும். ஒரு வருட நட்டத்தை அடுத்த வருட லாபம் தூக்கிவிடும் என்று அது காத்திருக்கும். விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் நகையை அடகு வைத்தவர் அந்த ஒரு வருடத்திலேயே நிலத்தை விட்டுப் போய்விடுவார். அதனால் எந்தக் கணக்கைப் பயன்படுத்துவது என்பதையும் நட்டத்தைச் சுமக்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கை தூக்கினால் போதுமா

சரி, எல்லாரும் கூடி வாக்களித்துவிடலாமே என்பீர்கள். பிரான்ஸில் கொந்தோர்சே என்ற அறிஞர் 1785இலேயே அதில் உள்ள சிக்கலை எழுதிவைத்தார். நம் ஊர்ப் பெயரில் சொல்கிறேன். கிழங்கு போடுகிறவர்கள் பட்டிப்பொல, அம்பேவெல, நானுஓயா என்ற வரிசையில் விரும்புகிறார்கள். லொறிக்காரர்களுக்கு நானுஓயா, பட்டிப்பொல, அம்பேவெல. மூன்றாவது கூட்டத்துக்கு அம்பேவெல, நானுஓயா, பட்டிப்பொல. மூன்று கூட்டமும் சம அளவு. பட்டிப்பொலயா அம்பேவெலயா என்று கேட்டால் பட்டிப்பொல வெல்லும். அம்பேவெலயா நானுஓயாவா என்றால் அம்பேவெல. நானுஓயாவா பட்டிப்பொலயா என்றால் நானுஓயா! எந்த இரண்டை முதலில் வாக்குக்கு விடுவது என்று முடிவுசெய்கிற தலைவர், முடிவையே தன் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

இன்னொரு சங்கடமும் நமக்குத் தெரிந்ததுதான். கூட்டத்தில் தோட்டத் தலைவர் எழுந்து ஒன்று சொல்வார். பின்வரிசையில் இருக்கும் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துப் பாருங்கள். லொறி வந்து திரும்ப வசதியான இடத்தில் அது இருக்கும். நிறைந்த கூடையோடு மேட்டில் ஏறிவருகிறவருக்கு எது வசதி என்று எத்தனை தோட்டத்தில் கேட்டார்கள்? இந்த மலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு ஒவ்வொரு இடத்தின் சரிவும் வழுக்கலும் தெரியும். அந்த அறிவு கூட்டத்துக்குள் வராமல் எடுக்கும் முடிவு பாதி அறிவில் எடுத்த முடிவுதான்.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950களில் டெல்ஃபி என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். எல்லாரும் தனித்தனியே எழுதித் தருவார்கள், பெயர் வெளிவராது. தொகுத்த விடைகளை எல்லாருக்கும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதலாம். முகத்துக்கு அஞ்சி மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை அதில் குறைவு. இதற்குக் கணினி வேண்டாம், கொப்பித் தாளும் பேனையும் போதும். எழுத வராதவருக்கு அவர் நம்பும் ஒருவர் தனியாகக் கேட்டு எழுதட்டும். சிங்களக் கிராமத்து விவசாயிகளும் இதே வீதியில்தான் மூட்டை ஏற்றுகிறார்கள். ஆகவே கேள்வித்தாள் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்துக்கும் போடும் மதிப்பெண்ணையும் ஒற்றை எண்ணாகக் கேட்க வேண்டாம். நம்மவர் "பரவாயில்லை" என்பார், "கொஞ்சம் கஷ்டம்" என்பார். பாக்குவில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய லொத்ஃபி சாதே 1965இல் இப்படிப்பட்ட தெளிவற்ற மதிப்பீடுகளுக்கும் ஒரு கணிதம் தந்தார். அந்தக் கணிதம் தெரியாவிட்டாலும் அதன் புத்தியை எடுத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஏழு என்று கேட்காமல், "ஐந்திலிருந்து எட்டுக்குள்" என்று சொல்ல இடம் கொடுங்கள். வீச்சு எங்கே அகலமோ அங்கே நமக்குத் தெரியாதது அதிகம். விவாதத்துக்கு வைத்திருக்கும் நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதல் வேலை, எதை வைக்கப் போகிறோம் என்று தீர்மானிப்பது. உருளைக்கிழங்கை 4 முதல் 10 பாகை செல்சியஸ் குளிரில் இருட்டாக வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கரட்டுக்கு இன்னும் குளிரும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். தேயிலை வாசனையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்; அதை லீக்ஸோடு ஒரே கூரைக்கடியில் வைக்க நினைக்கவே கூடாது. இந்தப் பட்டியல் போட்டாலே பாதி இடங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, சமரசம் செய்யக்கூடாதவற்றைத் தனியாக எழுதுவது. வீதி நன்றாக இருக்கிறது என்பதற்காக மண்சரிவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் தேறாத இடத்துக்கு வேறு எந்த மதிப்பெண்ணும் போடத் தேவையில்லை. நில உரிமையும் அப்படித்தான். தோட்டக் காணி அரசுடையது. 1992இல் கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன, 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. ஸ்டேஷன் காணி ரயில்வேத் திணைக்களத்துடையது. எழுத்தில் அனுமதி இல்லாத நிலத்தில் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

மூன்றாவது, அளவுகோல்களையும் அவற்றின் கனத்தையும் முடிவுசெய்து எல்லார் முன்னாலும் சுவரில் ஒட்டுவது. சந்தைத் தூரம் எவ்வளவு முக்கியம், சுமப்பவரின் நடை எவ்வளவு, மின்சாரம் இல்லாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும், வழி ஒன்று அடைபட்டால் மாற்று வழி உண்டா? இவற்றுக்கு உடன்பாடு வந்த பிறகுதான் இடங்களின் பெயர்களை எழுத வேண்டும். அளவுகோலை ஏற்றுக்கொண்டவர் தன் ஊர் தோற்றாலும் முடிவோடு நிற்பார்.

நான்காவது, தேறிய இடங்களைக் கெட்ட வருடங்களோடு மோதவிடுவது. 2022 திரும்பி வந்தால்? டித்வா திரும்பி வந்தால்? கிழங்கு மலிந்து விலை விழுந்தால்?

ஐந்தாவது, முடிவை எழுதிவைப்பது. யார் ஒப்பவில்லை, ஏன் ஒப்பவில்லை, எது நடந்தால் முடிவை மாற்றுவோம், எந்த மாதத்தில் மறுபடி கூடுவோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சிறுபான்மையின் காரணம் பதிவில் இருந்தால் அது நாளைக்கு எச்சரிக்கையாகப் பயன்படும்.

கடைசியாக, சிறிதாகத் தொடங்குங்கள். கொங்கிரீட் போட்டால் இடத்தை மாற்ற முடியாது. ஒரு போகத்துக்கு ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுங்கள். வருகிற மூட்டையையும் அழுகுகிற மூட்டையையும் தினம் எழுதுங்கள். ஒரு வருடக் கணக்குக் கையில் இருந்தால் பிரதேச சபையிடமும் அமைச்சிடமும் கேட்கும் குரலே வேறாக இருக்கும்.

அடிக்கல் நாட்ட யாராவது ஒருநாள் வருவார்கள். அவர்கள் இடத்தோடு வருவதற்கு முன்னால் நாம் அளவுகோலோடு தயாராக இருக்க வேண்டும். அந்த அளவுகோல் தாளை அடுத்த கூட்டத்திலேயே எழுதத் தொடங்குங்கள். பின்வரிசையில் இருக்கும் தாய்மாரிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள்.